கழுகுமலைச் சமணச் சிற்பங்கள்: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் கோயிலில் காவடி எடுப்பவர்கள் தமிழ்நாட்டுப் பயணத்தைப் பற்றியே பேசுவார்கள். திருச்செந்தூர், திருப்பரங்குன்றம், பழனி என்று திட்டம் போட்டு, நடுவில் கழுகுமலை முருகனையும் சேர்த்துக்கொள்வார்கள். திரும்பி வந்ததும் கைபேசியில் ஒரு படத்தை நீட்டி, "மலையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இவர்கள் யார் அக்கா?" என்று கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வாரக் கடைசியில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன் என்பதால் இப்படிப்பட்ட கேள்விகள் எல்லாம் என் வாசலுக்கே வந்து சேருகின்றன. ஒரே பதிலைத் திருமண வீட்டிலும் தொலைபேசியிலும் சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு எழுதியது இது. கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

கழுகுமலை எங்கே இருக்கிறது? முருகன் கோயிலுக்குப் போகும்போதே இதையும் பார்த்துவிட முடியுமா?

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது. மதுரை–திருநெல்வேலி ரயில் பாதையில் கோவில்பட்டியில் இறங்கினால் பஸ்ஸோ காரோ பிடித்துப் போய்விடலாம். முருகன் கோயில் மலையடிவாரத்தில் இருக்கிறது. அதன் கருவறையே மலையைக் குடைந்து செய்ததுதான். சமணச் சிற்பங்கள் அதே மலையின் மேலே, படியேறிப் போகும் இடத்தில் இருக்கின்றன. முருகனைக் காலையில் கும்பிட்டுவிட்டு மேலே ஏறினால் அரை நாளில் எல்லாம் பார்த்துவிடலாம்.

காவடி எடுப்பவர்களுக்கு இந்த ஊர் ஏற்கெனவே சொந்தம்தான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்தக் கழுகுமலை முருகனைத்தான். அந்த மெட்டுக்குக் காலை எடுத்து வைத்து ஆடியவர்களில் பலர் அது எந்த ஊரைப் பற்றியது என்று கேட்டதே இல்லை.

சமணர் என்றால் யார்? இந்துக்களில் ஒரு பிரிவா?

தனி மதம். உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை அவர்கள் ஏற்பதில்லை. பிறவிக் கட்டை அறுத்து, பிறருக்கும் வழி காட்டிய 24 தீர்த்தங்கரர்களை வணங்குகிறார்கள். முதலாமவர் ஆதிநாதர் என்கிற ரிஷபதேவர். கடைசி மூவர் நேமிநாதர், பார்சுவநாதர், மகாவீரர். எந்த உயிரையும் கொல்லாமை அவர்களுடைய முதல் விரதம்.

எனக்கென்னவோ புத்தர் மாதிரித்தான் தெரிகிறது. புத்தர் சிலைகள்தானே?

இல்லை. எல்லோருக்கும் வரும் குழப்பம்தான். கண்ணை மூடிக் காலை மடித்து உட்கார்ந்திருந்தால் புத்தர் என்று நினைத்துவிடுகிறோம். மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் தலைக்கு மேல்: ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடுக்குக் குடை இருந்தால் அது தீர்த்தங்கரர். தமிழில் அதை முக்குடை என்பார்கள். அடுத்து உடம்பு: புத்தருக்குத் தோளில் சீவர ஆடையின் விளிம்பாவது தெரியும், தீர்த்தங்கரருக்கு ஆடையே இராது. மூன்றாவது கை: தீர்த்தங்கரரின் இரண்டு உள்ளங்கைகளும் மடியில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும், அல்லது நின்ற கோலத்தில் இரண்டு கைகளும் உடம்பை ஒட்டித் தொங்கும். அபயம் காட்டும் கை, பூமியைத் தொடும் கை எல்லாம் புத்தருக்குத்தான்.

இருபுறமும் சாமரம் வீசுகிறவர்கள், மேலே மரக்கிளை அல்லது கொடிச் சுருள் ஆகியவை இரண்டு மதத்துச் சிற்பங்களிலும் வரும். அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சமணக் கோயில் என்கிறார்கள். கோபுரம் இல்லை, கருவறை இல்லை, கதவுகூட இல்லையே?

கட்டிய கோயில் அல்ல. மலையின் பாறைமுகத்தையே தளமாக எடுத்துக்கொண்டு, அதில் வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள் செதுக்கியிருக்கிறார்கள். துறவிகள் தங்கிப் படித்து, படிப்பித்து, உண்ணா நோன்பிருந்த இடம் இது. அப்படிப்பட்ட இடத்தைப் பள்ளி என்பார்கள். ஊரின் பழைய பெயர் நெச்சுறம் என்று கல்வெட்டுகள் காட்டுகின்றன.

மொத்தம் 150 உருவங்கள் அளவில் இருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை, ஒரே மாதிரி உட்கார்ந்த தீர்த்தங்கரர்கள், மேலும் கீழுமாக அடுக்கிய வரிசைகள். இடையிடையே பெரிய மாடங்களில் கதை சொல்லும் சிற்பங்கள் வரும். வேகமாக நடந்தால் "எல்லாம் ஒன்றுதானே" என்று தோன்றிவிடும். எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அப்படித்தான் பத்து நிமிடத்தில் இறங்கி வந்துவிடுகிறார்கள். அவர்கள் பார்க்காமல் விட்டது உருவத்துக்குக் கீழே இருக்கிறது. அது அடுத்த பதிலில்.

எந்த ராஜா கட்டினார்?

"எந்த ராஜா" என்று தொடங்கினால் கழுகுமலை பிடிபடாது. காலம் பாண்டியர் காலம்தான். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு. நெடுஞ்சடையன் பராந்தகன் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பெரிய பாண்டியன். இங்குள்ள வேலை அவன் காலத்தை ஒட்டியது என்றே ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஆனால் இந்தச் சிற்பங்களில் பெரும்பாலானவற்றை அரசன் செய்விக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் செய்வித்திருக்கிறார்கள்.

உருவத்தின் பீடத்துக்குக் கீழே உற்றுப் பாருங்கள். வளைந்து வளைந்து ஓடும் எழுத்தில் ஒன்றிரண்டு வரிகள் இருக்கும். அது வட்டெழுத்து. இந்த மலையில் இப்படி ஏறக்குறைய நூறு கல்வெட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான்: இன்ன ஊர், இன்னாருடைய மாணாக்கர், இன்னார், "செய்வித்த திருமேனி". அவ்வளவுதான். புகழ்ச்சி இல்லை, அரசன் பெருமை பாடும் மெய்க்கீர்த்தி இல்லை. குயவர், தச்சர் போன்ற தொழில் செய்தவர்களும் கொடுத்தவர்களில் இருக்கிறார்கள். இறந்துபோன ஒருவரின் நன்மைக்காக மற்றொருவர் செய்வித்ததும் உண்டு.

நம் ஊர்க் கோயில்களில் தூணிலும் தரைக்கல்லிலும் உபயம் செய்தவர் பெயர் பொறித்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கரும்புத் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துக் கோயில் எழுப்பியவர்களின் வம்சத்துக்கு இது புரியாமல் போகக் கூடாது. ராஜா பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு இந்தப் பெயர்களைப் பாருங்கள் என்பதுதான் மலையேறும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது.

பெண்களும் துறவியாக இருந்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். உண்மையா, சும்மா சொல்கிறாரா?

உண்மை. கல்லிலேயே எழுதியிருக்கிறது. பெண் ஆசிரியர்களைக் குரத்தி, குரத்தியார் என்று கழுகுமலைக் கல்வெட்டுகள் மரியாதையோடு சொல்கின்றன. மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்திகள் என்று ஊர் சேர்த்தே குறிப்பிடுகின்றன. திருச்சாரணம் என்பது இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் சிதறால் மலை. அங்கிருந்து கழுகுமலைக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். அந்தக் காலத்தில் நடந்துதான் வந்திருப்பார்கள்.

இன்னும் கவனிக்க வேண்டியது, குரத்தியாருக்கு மாணாக்கர்கள் இருந்தார்கள் என்பது. 1,200 ஆண்டுகளுக்கு முன் பெண் ஒருவர் ஆசிரியராக இருந்து, அவருடைய பெயரைச் சொல்லித் தன்னை அடையாளப்படுத்திக்கொண்ட மாணவர் இருந்திருக்கிறார். தமிழ் வகுப்பு நடத்துகிறவள் என்பதால் இந்தப் பதிலை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன் என்று யாராவது குறை சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

உருவங்களுக்கு உடையே இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாகப் போகலாம். தமிழ்நாட்டுச் சமணம் திகம்பரப் பிரிவைச் சேர்ந்தது. உடையும் ஓர் உடைமைதான், அதையும் விட்டவரே முழுத் துறவி என்பது அவர்கள் கொள்கை. பிள்ளைகள் கேட்டால் இதையே சொல்லுங்கள். சிரிப்பார்கள், பிறகு மறந்துவிட்டுக் குரங்கைப் பார்க்கப் போய்விடுவார்கள். சங்கடம் எப்போதும் பெரியவர்களுக்குத்தான்.

சிங்கத்தோடு ஓர் அம்மன் நிற்கிறாளே, அவள் நம் மாரியம்மன்தானே? எங்கள் ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆயா கும்பிட்டதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவள் மாரியம்மன் அல்ல. 22ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதரின் காவல் தெய்வம் அம்பிகா. சமணர்கள் இயக்கி என்பார்கள்.

அவள் கதை இது. அம்பிகா ஓர் அந்தணனின் மனைவி. வீட்டில் திதிக்காகச் சமைத்திருந்த உணவை, விருந்தினர் உண்ணும் முன்பே, பசியோடு வந்த சமணத் துறவிக்கு எடுத்துப் போட்டுவிட்டாள். கணவன் கோபம் கொண்டு விரட்டினான். இரண்டு குழந்தைகளோடு வெளியேறினாள், இறந்தாள், தெய்வமானாள். மனம் மாறித் தேடி வந்த கணவன் மறுபிறவியில் அவளுக்கே வாகனமாகும் சிங்கமானான்.

இப்போது சிற்பத்தைப் பாருங்கள். அவள் இடுப்பை லேசாக ஒடித்து நிற்கிறாள். கை ஒன்று பக்கத்தில் நிற்கும் சிறிய உருவத்தின் தலைமேல் அமர்ந்திருக்கிறது. பிள்ளைகள் அருகில் இருக்கிறார்கள், சிங்கமும் இருக்கிறது. இன்னொரு பக்கம் ஓர் ஆள் கையை உயர்த்தி மிரண்டு நிற்கிறான். அவன்தான் கணவன். திதிச் சோற்றுக்காக மனைவியைத் துரத்தியவன் அவளைத் தெய்வமாகப் பார்த்துவிட்ட நொடியைச் சிற்பி பிடித்திருக்கிறான். மலையில் எனக்கு மிகவும் பிடித்த சிற்பம் இதுவே. அந்த ஆளின் உயர்த்திய கையைப் பார்க்காமல் யாரும் இறங்கி வரக் கூடாது.

காலில் கொடி சுற்றிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவரும் தீர்த்தங்கரரா?

இல்லை. அவர் பாகுபலி, முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதரின் மகன். 24 பேரில் அவர் சேரமாட்டார். ஆனாலும் தீர்த்தங்கரருக்கு நிகராக வணங்கப்படுகிறார். அண்ணன் பரதனோடு நாட்டுக்காகப் போரிட்டு, வெல்லும் நேரத்தில் வெறுத்து எல்லாவற்றையும் விட்டார். ஆடாமல் அசையாமல் ஓராண்டு நின்றார். கொடி காலில் ஏறித் தொடையைச் சுற்றியது. அப்படியும் ஞானம் வரவில்லை. உள்ளே ஒரு துளி கர்வம் மிச்சமிருந்தது. தங்கைகள் பிராமி, சுந்தரி இருவரும் வந்து "யானையை விட்டு இறங்கு" என்றார்கள். கர்வம்தான் யானை என்று அவருக்கு விளங்கியது. இருபுறமும் நிற்கும் பெண்கள் அவர்கள்தான், மனைவிகள் அல்லர்.

கர்நாடகத்துச் சரவணபெளகுளாவில் நிற்கும் பெரிய கோமதேசுவரரும் இவரே. அது பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கியது. கழுகுமலைப் பாகுபலி அதற்கும் முந்தியவர், ஆனால் யாரும் அவருக்கு ஒரு வாளி பால்கூட ஊற்றுவதில்லை.

பாம்பு குடை பிடிக்கும் உருவம்?

பார்சுவநாதர், 23ஆம் தீர்த்தங்கரர். பழைய பகைவனான கமடன் அவருடைய தவத்தைக் கலைக்கக் கல்லும் மழையும் பொழிந்தான். நாக அரசன் தரணேந்திரன் படமெடுத்துக் காத்தான். அவரோடு வரும் இயக்கி பத்மாவதி.

மற்ற எல்லோருடைய பெயரையும் எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் முடியாது. பிற்காலத்தில் ஒவ்வொரு தீர்த்தங்கரருக்கும் காளை, சங்கு, சிங்கம் என்று ஒரு சின்னத்தைப் பீடத்தில் செதுக்கினார்கள். கழுகுமலை வரிசைகளில் அந்தச் சின்னங்கள் இல்லை. பார்சுவநாதரைப் பாம்பு காட்டிக்கொடுக்கிறது. மற்றவர்கள் பொதுவாகத் தீர்த்தங்கரர், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி வரிசையாக விரல் நீட்டும் வழிகாட்டி கிடைத்தால், புன்னகைத்துவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பெயர் இருப்பது வணங்கப்பட்டவருக்கு அல்ல, செய்வித்தவருக்கு.

பக்கத்திலேயே ஒரு பெரிய கற்கோயில் இருக்கிறதே, வெட்டுவான் கோயில். அதுவும் சமணருடையதா?

அது சிவனுக்காகத் தொடங்கியது. காலம் ஏறக்குறைய இதே காலம். மலையைச் சுற்றிலும் வெட்டி, நடுவில் நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இதே முறையில் செய்ததுதான். விமானத்தின் மேல்பகுதி நகை வேலைப்பாடு போல முடிந்திருக்கிறது. கீழ்ப்பகுதி வெறும் பாறையாக நின்றுவிட்டது. உளி எங்கே நின்றது என்று விரலால் காட்டிவிடலாம். தெற்கு முகத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி இருக்கிறார். வேறு எங்கும் எளிதில் காண முடியாத உருவம், தவற விடாதீர்கள். உள்ளே இப்போது பிள்ளையார் இருக்கிறார்.

அப்பன் சிற்பி பொறாமையில் மகன் சிற்பியைக் கொன்றதால் வேலை நின்றது என்ற கதையை ஊரில் சொல்வார்கள். முடியாமல் நின்ற எந்தக் கட்டடத்துக்கும் இப்படி ஒரு கொலைக் கதை முளைத்துவிடும். சைவக் கோயிலும் சமணப் பள்ளியும் ஒரே மலையில், ஒரே பாண்டியர் ஆட்சியில், அருகருகே உளிச் சத்தம் கேட்க நடந்தன என்பது அந்தக் கதையைவிட எனக்குச் சுவையானது. இதைப் பற்றிப் பின்னால் வரும் கழுவேற்றக் கேள்வியிலும் சொல்கிறேன்.

ஏன் வர்ணமே பூசவில்லை? பராமரிப்பு இல்லையா?

நம் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இப்படித்தான் தோன்றும். இங்கே நாம் செங்கல்லின் மேல் சிமெண்டால் உருவம் பிடித்து, கும்பாபிஷேகத்துக்கு கும்பாபிஷேகம் நீலமும் சிவப்புமாகப் பூசுகிறோம். அது சுதை வேலையின் வழக்கம். அங்கே இருப்பது கடினமான மலைப்பாறை. அதில் பெயிண்ட் அடித்தால் நுணுக்கமும் எழுத்தும் அடைபட்டுப் போகும். தமிழகத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் யாரும் அப்படிச் செய்யவும் முடியாது. சமணர்களுக்கு வர்ணம் ஆகாது என்றும் நினைத்துவிடாதீர்கள். புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலில் தாமரைக்குளம், மீன், யானை, பூப்பறிக்கும் துறவி என்று அவர்கள் தீட்டிய ஓவியம் இன்றும் இருக்கிறது.

கற்பூரம் ஏற்றலாமா? தேங்காய் உடைக்கலாமா?

சிற்பங்களின் முன் வேண்டாம். எண்ணெயும் புகையும் பாறையில் படிந்தால் போகாது. மஞ்சள், குங்குமம் தடவுவதும் அப்படித்தான். கும்பிட வேண்டும் என்று இருந்தால் கைகூப்பினால் போதும். பக்கத்தில் ஐயனார் கோயில் ஒன்று இருக்கிறது. கற்பூரத் தட்டை அங்கே கொண்டு போங்கள்.

நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, கோழி கொடுக்கிற குடும்பம். சமணர் இடத்துக்கு நாங்கள் போவது சரியா?

போகலாம். வாசலில் யாரும் உங்கள் சமையலறையை விசாரிக்கப் போவதில்லை. இறைச்சிப் பொட்டலத்தை மேலே எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தால் சரி. புரட்டாசி மாதம் முழுக்கக் கவிச்சியைத் தொடாமல் இருக்கத் தெரிந்தவர்களுக்கு அரை நாள் பெரிய விரதமா?

அந்த எழுத்தை நான் படிக்க முடியுமா? எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும், என் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

இந்த மலையில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டு பேருக்கும் தெரியாது. மொழி தமிழ்தான், எழுத்துதான் வேறு. பாண்டிய நாட்டில் வழங்கிய வட்டெழுத்து, சோழர் ஆட்சி பரவியபின் மெல்ல வழக்கொழிந்தது. இன்றைய தமிழ் எழுத்து வேறொரு கிளையில் வந்தது. வகுப்பில் நான் வட்டெழுத்து அட்டவணையை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு. இன்றைய எழுத்தையே தயங்கித் தயங்கிப் படிக்கும் பிள்ளைகள் இதில் மட்டும் பெற்றோரை முந்திக்கொண்டு போய்விடுகிறார்கள், புதிர் போல இருப்பதால்.

நேர்வெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள். இல்லையென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சாக்பீஸ் தேய்த்துப் படிப்பதைச் சிலர் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் அந்த எழுத்து வேண்டும்.

சமணம் குஜராத்திக்காரர்களின் மதம்தானே? தமிழருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

டர்பனில் நமக்குத் தெரிந்த சமணர்கள் குஜராத்தி வணிகக் குடும்பத்தார் என்பதால் வரும் கேள்வி. தமிழ்நாட்டில் சமணத்தின் வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல். மதுரைப் பக்கத்து மாங்குளம் குகையில் துறவிகளுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் கிறிஸ்துவுக்கு முந்தியவை. நாம் வகுப்பில் படிக்கும் நன்னூல் இலக்கணத்தை எழுதிய பவணந்தி முனிவர் சமணர். இதற்கு மேல் என்ன சம்பந்தம் வேண்டும்?

குஜராத்திச் சமணம் என்றதும் இந்த மண்ணில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. 1893இல் இங்கே வந்த காந்தி, மறு ஆண்டே மதத்தைப் பற்றிய குழப்பங்களை 27 கேள்விகளாக எழுதி ராய்சந்த்பாய் என்ற சமண அறிஞருக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து அனுப்பினார். அவரும் பொறுமையாகப் பதில் எழுதினார். உங்கள் கேள்விகள் இன்னும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை, ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

சம்பந்தர் காலத்தில் 8,000 சமணரைக் கழுவில் ஏற்றினார்கள் என்கிறார்களே. அப்படியானால் அதன்பின் இவர்கள் எப்படி வந்தார்கள்?

நல்ல கேள்வி, பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஞானசம்பந்தர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. கழுவேற்றமும் 8,000 என்ற எண்ணும் அதற்குப் பல நூற்றாண்டு கழித்து எழுதிய சைவ நூல்களில்தான் விரிவாக வருகின்றன. அப்படி ஒன்று நடந்ததாகச் சொல்லும் சமகாலக் கல்வெட்டு கிடைக்கவில்லை. மாறாக, சம்பந்தருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதே பாண்டிய நாட்டில், கழுகுமலையில் பலர் தத்தம் ஊர்ப்பெயரோடு தீர்த்தங்கரர் திருமேனிகளைச் செய்வித்திருக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள கீழக்குயில்குடிச் சமணர்மலையிலும் ஆனைமலையிலும் அதே கதைதான். அழித்தொழிக்கப்பட்ட கூட்டம் இப்படிச் செய்ய முடியாது.

சண்டையே இல்லை என்று சொல்லவில்லை. நாம் வெள்ளிக்கிழமை பாடும் தேவாரத்திலேயே சமணர் மேல் வசை கொட்டிக் கிடக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. அரச ஆதரவும் வணிகர் ஆதரவும் மெல்லக் கைமாறின, பள்ளிகள் காலியாயின, சில இடங்கள் வேறு தெய்வத்துக்குப் போயின. குரத்திகள் கிளம்பி வந்த சிதறால் மலை பதின்மூன்றாம் நூற்றாண்டில் பகவதி கோயிலானது. தீர்த்தங்கரர் சிற்பங்கள் பாறையில் அப்படியே இருக்கின்றன.

மலையேற முடியாதவர்களை என்ன செய்வது?

அடிவாரத்து முருகன் கோயிலில் நிழலில் உட்கார வையுங்கள். மேலே படிகளும் சாய்வான பாறையும் உண்டு. வழுக்கும், வெயிலில் காலைச் சுடும். முழங்கால் வலி உள்ளவர்கள் வீம்புக்கு ஏற வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்குப் பரவாயில்லை. ஏப்ரல், மே மாதமென்றால் காலை எட்டு மணிக்குள் மேலே இருக்கப் பாருங்கள். மேலே கடை இல்லை, தண்ணீர் கையோடு போக வேண்டும்.

எங்கள் முன்னோர்கள் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்கள். அங்கே தமிழ்ச் சமணர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாங்களும் ஒருகாலத்தில் சமணராக இருந்திருப்போமா?

இருந்திருக்கலாம் என்று சொல்லிவிடுவது எளிது, அதனால்தான் சொல்லத் தயங்குகிறேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் கூலிக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. அதிலிருந்து 1911 வரை வந்தவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். வட ஆர்க்காட்டிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இரண்டு உண்மைகள் ஒரே மாவட்டத்தில் இருப்பதால் மூன்றாவது ஒன்று பிறந்துவிடாது.

பெயரை வைத்தும் பிடிக்க முடியாது. தமிழ்ச் சமணர்கள் நயினார் என்று போட்டுக்கொள்வார்கள். அந்தப் பட்டம் மற்றவர்களுக்கும் உண்டு. அவர்களில் முதலியார், செட்டியார், உடையார் என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள், இங்கே வந்து மூட்லி, செட்டி ஆனவர்கள் எல்லாரும் அந்த வழியா என்றால் இல்லை. உண்மையிலேயே தேட வேண்டும் என்றால் கப்பல் பதிவேட்டில் தொடங்குங்கள். கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்த கூலி எண் தெரிந்தால் பெயர், தகப்பன் பெயர், சாதி, தாலுகா, கிராமம் வரை எழுதியிருக்கும். அந்தக் கிராமத்தின் பெயர் கையில் கிடைத்த பிறகு பேசலாம்.

இதற்கிடையில், வாழும் தமிழ்ச் சமணத்தைப் பார்க்க ஆசை இருந்தால் கழுகுமலையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது, கோயிலில் தினமும் பூசை நடக்கிறது. போளூர் அருகே திருமலையில் மலையில் செதுக்கிய பெரிய நேமிநாதரும், இராசராசனின் அக்கா குந்தவை பெயரால் அமைந்த கோயிலும் உண்டு. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் மண்டபத்துக் கூரை முழுக்க ஓவியம். அங்கெல்லாம் பேசுவது நம் தமிழ்தான். யாராவது வீட்டுக்குச் சாப்பிட அழைத்தால் பொழுது சாய்வதற்குள் போய்விடுங்கள். இருட்டிய பிறகு அவர்கள் சாப்பிடுவதில்லை.